ரெண்டு பிரேக்கும் ஓர் அரைப்பக்க விளம்பரமும்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘ரெண்டு பிரேக்’. டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு ஒரு பிரேக். பஸ்ஸில் போனாலும் முன்சீட்டுக்கு அடியில் கால் தானாக அழுந்தும். டிவியில் கார் வேகமாக வந்தால் டீப்பாயை மிதிப்பார். ஒரு டீப்பாய்க்குக் கால் உடைந்தே போய்விட்டது. நான் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினாலும் அந்தக் கால் அழுந்துவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என்னிடம் எந்த பிரேக்கும் பிடிக்காது என்பது அவருக்கே தெரியும்.

அது நன்றி கிடைக்காத வேலை. பழக வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இந்த மனுஷன் பக்கத்தில் இல்லாமல் என்றைக்கு வண்டி ஓட்டுவோம் என்பது. லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே அவரைப் பார்த்து ஹாரன் அடித்து ஓரமாகப் போகச் சொல்லுவார்கள். அதற்கும் இவர் பல்லைக் காட்டிக் கையசைப்பார். ஹாரனைச் சரியான நேரத்தில் அடித்தானாம், அதில் ஒரு பெருமை.

நான் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில், கவுன்டரில் இருக்கிறேன். காணவில்லை, பெயர் மாற்றம், வீடு வாடகைக்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் அச்சுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த வரிவிளம்பரங்களை நான் வாசிக்க, அவர் கேட்டுச் சிரிப்பார். “கோபித்துக்கொண்டு போன மைத்துனர் உடனே திரும்பவும், டிவி ரிமோட்டையும் கொண்டுவரவும்” என்று ஒருவர் விளம்பரம் கொடுத்த வாரம், இவருக்குப் புரையேறி நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் குடும்பம்.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் ஒரு கம்ப்யூட்டர் இயங்குதளம் வந்து அள்ளிக்கொண்டு போயிற்று.

டிரைவிங் ஸ்கூல் என் அண்ணனுடையது. அங்கே சாலைக் குறியீட்டுத் தேர்வுக்குப் பழக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதற்குள் என் அண்ணன் யாரிடமோ மலிவாக வாங்கிப் போட்ட, வேறொரு இயங்குதளத்தின் திருட்டு நகல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ‘பள்ளிக்கூடம் அருகில் உள்ளது’ என்ற குறியீட்டை அழுத்தினால் உள்ளாடை விளம்பரம் வரும். ஒருநாள் அதுவும் நின்று, திரை கறுத்துப்போயிற்று. அப்போது வண்டி பழக வந்திருந்த ஒரு பெண், இரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள், பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினாள். ஒரு மணி நேரத்தில் அந்தச் செத்த பெட்டி எழுந்து உட்கார்ந்தது.

“எவ்வளவும்மா தரணும்?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“ஒண்ணும் வேணாம் சார். இந்த ஓ.எஸ். எல்லாருக்கும் பொது.”

“சரி, இதைப் பண்ணது யாரு?”

“உலகம் பூரா யார் யாரோ பண்றாங்க.”

“அவங்களுக்குக் காசு யாரு தர்றா?”

“யாராவது தந்தா உண்டு.”

அந்தக் கடைசி வார்த்தை இவருக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தவனுக்கு மூன்று தடவை நன்றி சொல்கிற மனுஷன். முகம் தெரியாத யாரோ எழுதிக்கொடுத்ததை வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள இவரால் முடியவில்லை. நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் முதல் பேச ஆரம்பித்தார். அது மூன்று வருடம் நிற்கவில்லை.

எங்கே பேசுவது என்பதற்கு ஓர் இடமும் கண்டுபிடித்துவிட்டார். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கப் பழக்குவார்கள் இல்லையா, அந்த மேடு. அங்கே வண்டி நின்றதும் தன்னுடைய பிரேக்கை மிதித்துக்கொள்வார். பழகுகிறவர் என்ன செய்தாலும் வண்டி நகராது. இவர் எல்லோருக்கும் பொதுவான கட்டற்ற மென்பொருளின் மகிமையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துக் காலை எடுத்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போகலாம். அதை உண்டாக்குகிறவர்களுக்கு ஏதாவது தருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் கால் கொஞ்சம் சீக்கிரம் எழும் என்று பழகுகிறவர்களுக்குள் பேச்சு. அப்படியெல்லாம் இல்லை என்று இவர் அடித்துச் சொல்லுகிறார். எனக்குத் தெரியாது, நான் வண்டி பழகவில்லை.

ஒரு பல் டாக்டர் இருபத்தைந்து நிமிடம் மேட்டில் மாட்டிக்கொண்டு, நேராக என் அண்ணனிடம் போனார்.

“என் கிளினிக்ல ஆளுங்க வாயைத் திறந்துக்கிட்டு, ஒரு பதிலும் சொல்ல முடியாம நான் பேசறதைக் கேட்டுட்டுக் கெடப்பாங்க. அது எவ்வளவு பெரிய கொடுமைன்னு இன்னைக்குத்தாங்க எனக்குத் தெரிஞ்சுது” என்றாராம். ஆனால் அவரும் நன்கொடை கொடுத்திருந்தார்.

இதற்குள் ஒரு குழு சேர்ந்திருந்தது. லேப் அக்கா, வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், இன்னும் ஐந்து பேர், இவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூட்டம். அவர்களுக்குள் தலைவர் கிடையாது, யாரும் யாருக்கும் மேல் இல்லை, ஒருவர் மறுத்தாலும் எதுவும் நிறைவேறாது. மறுப்பதற்குக் கத்த வேண்டாம் என்று, வகுப்பறையில் கிடந்த சாலைக் குறியீட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். சம்மதம் என்றால் பச்சை அம்பு. மறுப்பு என்றால் ‘நில்’. யோசிக்க நேரம் வேண்டும் என்றால் ‘வேகத்தடை’. வங்கிப் பெரியவர் ‘நில்’ அட்டையை வீட்டுக்கே எடுத்துப்போய்த் துடைத்துக் கொண்டுவருவார். அவருக்கு ஆட்சேபம் சார் என்று பெயர்.

அந்தக் குழுவுக்கு இன்னொரு விதியும் இருந்தது. எந்த வார்த்தைக்கு மறுப்பு வருகிறதோ, அது தீரும்வரை அந்த வார்த்தையை எடுத்து வைத்துவிட வேண்டும். கேட்கும்போது நல்ல விதியாகத்தான் இருந்தது.

டாக்டர் போன பிறகு அண்ணன் இவரைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

“மாப்பிள்ளை, நான் ஸ்கூல் நடத்தறேன், சங்கம் நடத்தல. போதும், விட்டுடுங்க.”

“மச்சான், முந்நூத்தி நாப்பது பேர் என்னை நம்பிக் காசு குடுத்திருக்காங்க. பாதி அந்த ஓ.எஸ். எழுதறவங்களுக்கு அனுப்பிட்டோம். மீதியில பேப்பர்ல அரைப்பக்கம் விளம்பரம். குடுத்தவங்க பேரெல்லாம் போட்டு நன்றி. ஜனங்க வந்தா அவங்க மெஷின்லயும் போட்டுக் குடுப்போம்.”

“ஜனங்க வருவாங்களா?”

“வருவாங்க மச்சான்.”

அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். “சரி. விளம்பரம் வந்ததும் வர்ற ஞாயித்துக்கிழமை அம்பது பேர் இங்க வந்து நிக்கட்டும். நின்னா நீங்க பேசுங்க, ரூம் உங்களுது, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நாப்பத்தொன்பது வந்தா, கூட்டமும் கெடையாது, வண்டிக்குள்ள கிளட்ச், கியர் தவிர வேற பேச்சும் கெடையாது. பழைய ஓ.எஸ்.ஸையே திரும்பப் போட்டுடுவேன்.”

இவர் சம்மதித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. எனக்கும் படபடப்புதான், ஆனால் வேறு காரணத்துக்கு. நாற்பத்தொன்பது பேர் வந்தால் என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பி வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நாற்பத்தொன்பதுக்குத்தான் வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு சனிக்கிழமை இதழுக்கான விளம்பரம் வாங்குவதை நிறுத்திவிடுவோம். மூன்றே முக்காலுக்கு லேப் அக்கா மூச்சு வாங்க வந்து கவுன்டரில் தாளை நீட்டினாள்.

“எல்லாம் சரிபாத்தாச்சா?” என்றேன். அது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

“முப்பத்தேழு தடவை அக்கா!” என்றாள், மெடல் வாங்கிய முகத்தோடு.

நான் வாசித்தேன்.

‘இனி பயம் வேண்டாம். இது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களுக்கும் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணி. இதற்காக உழைத்தவர்களுக்கும், உடன் நின்ற கீழ்க்கண்ட முந்நூற்று நாற்பது பேருக்கும் எங்கள் நன்றி.’

அதற்குக் கீழே பொடி எழுத்தில் முந்நூற்று நாற்பது பெயர். அவ்வளவுதான்.

அந்த இயங்குதளத்தின் பெயர் இல்லை. எனக்குக் காரணம் தெரியும். அதைச் சின்னப் பெயரால் சொல்வதா, அதற்கு முன்னோடியான இன்னொரு திட்டத்தின் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொல்வதா என்று லேப் அக்காவுக்கும் ஆட்சேபம் சாருக்கும் ஒன்பது வாரமாகத் தகராறு. அந்தப் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை, இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள். தகராறு தீராததால் விதிப்படி பெயரை எடுத்து வைத்துவிட்டார்கள். ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லும் போயிருந்தது, போனிலும் ஓடுமே என்று யாரோ சொன்னதால். ‘இலவசம்’ போயிருந்தது, காசைவிடச் சுதந்திரம்தான் முக்கியம் என்பதால். ‘சுதந்திரம்’ போயிருந்தது, ஜனங்கள் கட்சி என்று நினைப்பார்கள் என்பதால். முகவரி இல்லை, முடிவான வாசகத்தைப் பார்க்காமல் ஸ்கூல் பெயரைப் போடக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்ததால். போன் நம்பர் இல்லை, தனி ஆள் முன்னால் நிற்கக்கூடாது என்று எட்டுப் பேரும் ஒருவரையொருவர் மிஞ்சி அடக்கம் காட்டியதால். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் போனது அவர்கள் கண்ணில் படவில்லை. ஒன்பது வாரம் பார்த்த கண்ணுக்குத் தாளில் இல்லாததும் இருப்பதாகத்தான் தெரியும்.

எங்கள் பிரிவில் ஒரு கண்டிப்பு உண்டு. கொடுத்தவரின் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் தொடக்கூடாது. ஆனால் வாயைத் திறந்து கேட்கக்கூடாது என்று எந்தக் கண்டிப்பும் இல்லை. ‘பெயர் எங்கே?’ என்று ஒரு வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். பால்கனி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு முத்திரையைக் குத்தினேன்.

அரைப்பக்க விளம்பரம் சனிக்கிழமை இதழில் வந்துவிட்டது. காலையில் இவர் பேப்பரைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு கீழிருந்து மேல்வரை வாசித்தார். பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார், அங்கே இருக்குமோ என்று.

“பேரைக் காணோமே” என்றார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உன் அண்ணன் ஜெயிச்சிட்டாரு. பரவாயில்ல. நன்றின்னு போட்டிருக்கு பாரு, அது வந்துடுச்சு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அன்றைக்கு மேட்டில் வாயே திறக்கவில்லையாம். பேச்சுக்குப் பழகிப்போன ஒரு அம்மாள் அந்த அமைதியில் மிரண்டு, மூன்று தடவை எஞ்சினை அணையவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் ஒன்பதரைக்கு ஆபீஸ் போனேன். என் மேசை போன் அப்போதே அடித்துக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் நம்பர் இல்லாததால் ஊரே பேப்பருக்கு, அதாவது எனக்கு, போன் போட்டுக்கொண்டிருந்தது.

“யாருங்க போனது? நல்ல மனுஷனா?” என்றார் முதல் ஆள். அரைப்பக்கமும் அத்தனை பெயரும் பார்த்து இரங்கல் என்று நினைத்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கா எடுக்கறாங்க?”

“யாரும் போகலைங்க. இது சாவு இல்ல.”

“அப்புறம் எதுக்குங்க இத்தனை பேருக்கு நன்றி?”

இரண்டாவது ஆள் நிலம் என்று நினைத்தார். யாருக்கும் சொந்தமில்லாத இடம் எந்தப் பக்கம், பத்திரம் உண்டா என்றார். ஒரு பாட்டுக் குரல் அம்மாள், குட்டி எத்தனை, ஆணா பெண்ணா, ஊசி போட்டாயிற்றா என்று கேட்டாள். இன்னொருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்: “பட்டியல்ல நூத்திப் பன்னெண்டாவது பேரு என் வீட்டுக்காரரு. எந்தக் கும்பல்ல சேந்திருக்காருன்னு எனக்கு இப்பவே தெரியணும்.”

முதலில் ‘எனக்குத் தெரியாது, விளம்பரதாரரைக் கேளுங்கள்’ என்று சொல்லிப் பார்த்தேன். விளம்பரதாரர் யார் என்ற கேள்விக்கு மறுபடி நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பத்தாவது போனுக்கு, அது கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு சாமான் என்றேன். இருபதாவது போனுக்கு, உங்கள் வீட்டில் தூசி படிந்து கிடக்கிற பழைய பெட்டி இருக்கிறதா என்று நானே கேட்டு, ஸ்கூல் முகவரியைக் கொடுத்தேன். முப்பதாவது ஆள் “ஓசியா குடுத்தா அவங்க எப்படிங்க பொழைக்கறது?” என்றதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது.

“அதைத்தாங்க நாங்களும் கேக்கறோம்! நம்மள மாதிரி ஆளுங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டாத்தானே அவங்க பொழைக்க முடியும்? எடுத்துக்கறப்போ இனிக்குது, குடுக்கறப்போ கசக்குதா?”

‘நாங்களும்’ என்று என் வாயில் வந்ததை நான் கவனித்தேன். மூன்று வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் காது புளிக்கக் கேட்டதெல்லாம் ஒரு வரி விடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. அந்த ஆள் போனை வைக்கப் பார்த்தார். “இருங்க, இருங்க, இன்னும் முடிக்கல” என்றேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் வந்து, கண்ணீர் அஞ்சலி கொடுக்க வந்தவர்கள் அரைமணி நேரமாக வரிசையில் நிற்பதாக மெதுவாகச் சொன்னார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்திவைத்தேன். வரிசையில் நின்ற ஒருவரும் துக்கத்துக்கு நடுவில் முகவரி கேட்டு எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனபோது வாசலில் நடக்க இடமில்லை. போர்வையில் மூட்டை கட்டிய பெட்டிகள், கயிறு கட்டிய மானிட்டர்கள், கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்த லேப்டாப்புகள். குட்டி எத்தனை என்று கேட்ட அம்மாள் ஒரு கூடையோடு வந்திருந்தாள், நான் அத்தனை சொல்லியும் நம்பாமல். என் அண்ணன் விரலை நீட்டி நீட்டி எண்ணினார். அறுபதில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற பல் டாக்டரிடம், “நீங்களுமா?” என்று கேட்டார்.

“என் பேரு பேப்பர்ல வந்திருக்குங்க” என்றார் டாக்டர், கொஞ்சம் நிமிர்ந்து.

அண்ணன் இவரிடம் வந்தார். “மாப்பிள்ளை, பேசுங்க. ரூம் உங்களுது. ஆனா அந்த மேட்டுல மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க.”

இவரோ, பேச அனுமதி கிடைத்த அன்றைக்கு, போய் ஒரு கிழவரின் கம்ப்யூட்டரைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். லேப் அக்காவும் ஆட்சேபம் சாரும் திரையில் வந்த பெயரைக் காட்டி ஜனங்களிடம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்தோம். அவருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. பெயரே இல்லாமல் எப்படி ஜனங்கள் வந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“ஏங்க, வெள்ளிக்கிழமையே நான் பாத்தேன். பேரு இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம முத்திரை குத்திட்டேன்.”

அவர் கால் அழுந்தவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஏன்மா?”

“கூட்டம் நின்னுபோகட்டும்னுதான். ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும்னு.”

“உனக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை? எங்கயாவது போகணுமா?”

“எங்கயும் போக வேணாம். நீங்க இங்க இருக்கணும், அவ்வளவுதான்.”

பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்காருவதே தொழிலாக இருந்த மனுஷன், தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட முடியும் என்பதையே இதற்கு முன் யோசித்ததில்லை போலிருக்கிறது.

“என்கூடவா?” என்றார். நிஜமாகவே சந்தேகம்தான், விளையாட்டுக்குக் கேட்கவில்லை. “என்கூட இருக்கறதுக்கா இவ்வளவும் பண்ணினே?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அப்போ அடுத்த ஞாயிறு நான் எங்கயும் போகல” என்று எழுந்துவிட்டார். “லேப் அக்காவுக்கு இப்பவே போன் பண்றேன். இனிமே மாசத்துல ரெண்டு ஞாயிறு உனக்கு. இல்ல, மூணு.”

மூன்று வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. ஆனால் அதைக் கேட்டதும் நான் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன்.

“அடுத்த ஞாயிறு வேணாங்க” என்றேன். “நேத்து போன் பண்ணவங்கள்ல முப்பத்தெட்டு பேரை நான் அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கேன். அதுக்கு அடுத்த வாரத்துக்கு இருபது பேரு. நானே வந்து முன்னால உக்காந்து பாத்துக்கறேன்னு எல்லார்கிட்டயும் வாக்குக் குடுத்திருக்கேன்.”